வீட்டு வைஃபை காட்டவில்லை என்று லேப்டாப் வந்தால்

தண்டையார்பேட்டைப் பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடைகளில் தொழில் பழக வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். டிஸ்பிளே மாற்றுவது, உடைந்த ஹிஞ்சைச் சரிசெய்வது, விண்டோஸ் ஏற்றுவது எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். ஆனால் ஒரு சின்னப் புகார் பல பேரை அலைக்கழிக்கும். “எல்லார் போன்லயும் எங்க வீட்டு வைஃபை வருது, இந்த லேப்டாப்புல மட்டும் பேரே காட்ட மாட்டேங்குது.” இதைக் கேட்டதும் பார்மட் அடிக்கிறவர்கள் உண்டு; புது அடாப்டரை எடுத்து நீட்டுகிறவர்கள் உண்டு. பார்மட்டும் புது அடாப்டரும் உண்மையிலேயே தேவைப்படுகிற லேப்டாப்புகள் குறைவு. இந்தப் புகாருக்கு முதல் மருந்து பார்ப்பது, அடுத்தது கேட்பது. ஸ்க்ரூடிரைவர் அதற்கப்புறம்தான்.

1. எதையும் தொடும்முன் பட்டியலைப் பாருங்கள்.

நம் பகுதியில் ஒரு வசதி இருக்கிறது. நேரு நகரோ, படேல் நகரோ, கொருக்குப்பேட்டைச் சந்தோ, எங்கே நின்று வைஃபை பட்டியலைத் திறந்தாலும் அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரே மாடிப்படியில் நாலைந்து குடித்தனங்கள், வாசலுக்கு வாசல் பைபர் இணைப்பு. தோப்புக்குள் தனி வீட்டில் இருப்பவருக்கு இந்தப் பட்டியல் காலியாக இருப்பது சகஜம். நமக்கு அது காலியாக இருக்கவே முடியாது. அதனால் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும்.

பட்டியலில் ஒன்றுமே இல்லையென்றால் கோளாறு லேப்டாப் பக்கம்: சுவிட்ச், டிரைவர், சர்வீஸ், கார்டு இவற்றில் ஒன்று. பக்கத்து வீடுகள் எல்லாம் தெரிந்து சொந்த வீடு மட்டும் இல்லையென்றால் அடாப்டர் உயிரோடுதான் இருக்கிறது. பெரும்பாலும் அது கேட்கும் அலைவரிசையில் வீட்டு ரவுட்டர் பேசவில்லை, அவ்வளவுதான். ஒன்றிரண்டு பெயர் மட்டும், அதுவும் ஒற்றைக் கோட்டில் மினுக்கினால் ஆன்டெனா ஒயரைச் சந்தேகப்படுங்கள். பெயர் நன்றாகத் தெரிந்து இணைய மட்டும் மறுத்தால் அது பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை சம்பந்தப்பட்ட வேறு கதை. அதை இங்கே கலக்க வேண்டாம்.

இந்த நாலையும் பிரித்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் கீழே நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத் தானாகவே தோன்றும்.

2. வீட்டில் காணாததைக் கடையில் தேடாதீர்கள்.

லேப்டாப் கடை மேஜைக்கு வந்துவிட்டது. வீட்டு ரவுட்டர் வீட்டில் இருக்கிறது. கடை வைஃபையில் லேப்டாப் உடனே இணைந்துவிடுகிறது. “நல்லாத்தானே வேலை செய்யுது” என்று திருப்பிக் கொடுக்கிறோம். மறுநாள் அதே அக்கா அதே லேப்டாப்போடு வந்து நிற்பார்.

அதனால் வாங்கி வைக்கும்போதே கேளுங்கள்: வீட்டில் லேப்டாப்பின் வைஃபை பட்டியலைப் போனில் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? ரவுட்டர் பெட்டியின் முன்பக்கத்தை, விளக்குகள் தெரிகிற மாதிரி இன்னொரு படம்? பெட்டியின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரை ஒரு படம்? மூன்று படம் போதும். பாஸ்வேர்டு அச்சிட்ட ஸ்டிக்கர் என்றால் வேலை முடிந்ததும் அந்தப் படத்தை உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். அழித்தேன் என்று அவரிடம் சொல்லவும் சொல்லுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். அதன் அமைப்பில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று மாற்றும் இடம் பல போன்களில் இருக்கும். முதலில் 2.4-இல் வையுங்கள்: லேப்டாப் பார்க்கிறதா? பிறகு 5-இல் வையுங்கள்: இப்போது பார்க்கிறதா? முதலாவது தெரிந்து இரண்டாவது தெரியாவிட்டால் நாலாவது அறிவுரைக்கு நேராகப் போங்கள்.

3. முதலில் இணையம், பிறகு ரிப்பேர்.

2018-இலிருந்து பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு வந்துவிட்டது. அதற்கு முன் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய்க் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகள், இப்போது வீட்டில் உட்கார்ந்து விருப்பப் பட்டியலை நிரப்புகிறார்கள். அதற்குக் கெடு உண்டு. கெடு நாளில் ஒரு பிளஸ் டூ பிள்ளை லேப்டாப்போடு வந்து நின்றால் நீங்கள் டிரைவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் போனின் இணையம் லேப்டாப்புக்கு வரும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையே கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போய்ச் சேரும், மொபைல் டேட்டாவும் செலவாகாது. லேப்டாப்பில் லேன் துளை இருந்தால் இன்னும் நல்லது: ரவுட்டரின் பின்னால் இருக்கும் லேன் துளையிலிருந்து ஒரு ஒயர். இதைச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். கெடு முடிந்த பிறகு லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள். டிரைவர் இறக்குவதற்கும் உங்களுக்கே இந்த வழிதான் உதவும். வைஃபை இல்லாத மெஷினில் வைஃபை டிரைவரை வேறு எப்படி இறக்குவீர்கள்?

4. 2.4-ஆ 5-ஆ என்று கேட்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நம் பகுதியில் இந்தப் புகாரின் ஆணிவேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வைஃபை முக்கியமாக இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை உரிமம் வாங்காமல் பயன்படுத்த மத்திய அரசு 2005-இல் வழிவிட்டது. 5 ஜிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை வீட்டுக்கு உள்ளும் வெளியிலும் தாராளமாகத் திறந்துவிட்டது 2018 அக்டோபரில். இன்றைய பைபர் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டிலும் பேசும். இந்த இடைவெளிக்குள் செய்து விற்கப்பட்ட எத்தனையோ லேப்டாப்புகளுக்கு 2.4 மட்டும்தான் தெரியும்.

தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த மெஷின்கள் நம் தெருக்களில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அக்கா வாங்கியது தம்பிக்கு வந்து, தம்பியிடமிருந்து சித்தப்பா பிள்ளைக்குப் போயிருக்கும். அவற்றோடு, ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆபீஸ் லேப்டாப்புகளும் மேஜைக்கு வரும். உள்ளே இருக்கும் கார்டின் பெயரைப் பாருங்கள். ஏதராஸ் ஏஆர்9285, குவால்காம் கியூசிஏ9565, ரியல்டெக் ஆர்டிஎல்8188, ஆர்டிஎல்8723, ராலிங்க் ஆர்டி3290 என்று இருந்தால் அது 2.4 மட்டும் தெரிந்த கார்டு. 5-இல் மட்டும் பேசும் ரவுட்டர் அதன் கண்ணுக்கு இல்லவே இல்லை. பழுது எதுவும் கிடையாது. அதன் பிறவியே அப்படி.

கார்டைத் திறந்து பார்க்காமலே தெரிந்துகொள்ள வழி உண்டு. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, டிரைவர்ஸ் என்ற நான்கு சொற்களை இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் பதிலில் எந்தெந்த ரேடியோ வகைகளை அடாப்டர் ஏற்கும் என்று ஒரு வரி இருக்கும். 802.11 பி, ஜி, என் ஆகிய மூன்று மட்டும் இருந்தால் 2.4 மட்டுமே என்று வைத்துக்கொள்ளலாம். ஏ அல்லது ஏசி கூட இருந்தால் 5-உம் தெரியும்.

இனி, வீட்டில் 2.4 எப்படிக் காணாமல் போகிறது என்பது. “5 தான் ஸ்பீடு” என்று யாரோ சொல்ல, வீட்டுப் பையன் ரவுட்டர் பக்கத்தில் நுழைந்து 2.4-ஐ அணைத்திருப்பான். அல்லது பெட்டியின் ஓரத்தில் டபிள்யூலேன் என்று எழுதிய பொத்தானைத் தூசி துடைக்கும்போது அழுத்தியிருப்பார்கள். பல பைபர் பெட்டிகளில் அந்தப் பொத்தான் இருக்கிறது. அந்த விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் முன்பக்கப் படம் கேட்கச் சொன்னேன். இன்னொரு வகை: பெட்டி ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர் வைத்திருக்கும். ஒன்றின் வாலில் 5ஜி என்று இருக்கும். வீட்டில் எல்லாரும் அதைத்தான் போனில் போட்டிருப்பார்கள். லேப்டாப்பிலும் அதையே தேடுவார்கள், காணாமல் தவிப்பார்கள். அது சிம் கார்டின் 5ஜி இல்லை, ரவுட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். வால் இல்லாத மற்ற பெயர்தான் இந்த லேப்டாப்புக்கு உரியது, பாஸ்வேர்டு பெரும்பாலும் அதேதான்.

2.4-ஐத் திரும்பப் போட ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போக வேண்டும். முகவரி ஸ்டிக்கரில் இருக்கும், 192.168.1.1 என்பது பரவலானது. போன் பிரவுசரிலேயே முடிகிற வேலை. புதுப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

5. சேனல் எண்ணையும் பாருங்கள்.

2.4-க்குள் 1 முதல் 13 வரை சேனல்கள் நம் நாட்டில் அனுமதி பெற்றவை. அமெரிக்காவில் 11-ஓடு நிறுத்திக்கொள்கிறார்கள். அமெரிக்க அமைப்போடு வந்த அடாப்டர், ரவுட்டர் 12-க்கோ 13-க்கோ போய் உட்கார்ந்துவிட்டால் பார்க்காது. சேனலைத் தானே தேர்ந்தெடுக்கும்படி ரவுட்டரை விட்டிருந்தால், நெரிசலான நம் தெருவில் அது காலியிடம் தேடி 13-க்குப் போவது நடக்கக்கூடியதே. “நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரல, நடுவுல கரண்ட் போச்சு” என்று சொன்னால் இதை நினையுங்கள். 1, 6, 11 மூன்றும் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள். போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு, அக்கம்பக்கம் எதில் குறைவாக இருக்கிறது என்று பார்த்து, மூன்றில் ஒன்றில் நிலைநிறுத்திவிடுங்கள்.

5 ஜிகாஹெர்ட்ஸில் வேறு ஒரு விஷயம். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்தலாம் என்பதால், அங்கே போகும் ரவுட்டர் முதலில் ஒரு நிமிடமாவது அமைதியாகக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். மின்தடைக்குப் பிறகு 5 மட்டும் தாமதமாக வருவது இதனால்தான். மலிவான சில அடாப்டர்களுக்கு இந்தச் சேனல்கள் தெரியவே தெரியாது. 36 முதல் 48 வரையுள்ள ஒன்றில் ரவுட்டரை வைத்தால் தெரிந்துவிடும்.

“கப்பல் ரேடார்தான் சார் கெடுக்குது” என்று துறைமுக வேலைக்குப் போகிற அண்ணன்மார் நம்பிக்கையோடு சொல்வார்கள். கப்பல்களின் ரேடார் ஏறக்குறைய 3 ஜிகாஹெர்ட்ஸிலும் 9 ஜிகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது. சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இருக்கும் வானிலை ரேடாரும் எஸ் பேண்ட் வகைதான், அதாவது அதே 3 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம். இவை எதுவும் வைஃபையின் இடத்தில் இல்லை. மரியாதையாகச் சொல்லிவிட்டு ரவுட்டர் பக்கம் திரும்புங்கள்.

6. புது ரவுட்டர், பழைய டிரைவர்.

“ரவுட்டர் மாத்துனதுல இருந்து காட்டல” என்றால் இதை முதலில் சோதியுங்கள். வைஃபை 6 எனப்படும் 802.11 ஏஎக்ஸ் முறையில் புது ரவுட்டர் பேசும்போது, பழைய டிரைவரோடு இருக்கும் சில இன்டெல் கார்டுகள் அந்தப் பெயரையே பட்டியலில் காட்டாது. இன்டெல் நிறுவனமே இதை அறிவித்து, டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறது. கார்டு நல்ல கார்டு, 5-உம் தெரிந்த கார்டு, பக்கத்து வீடுகள் எல்லாம் தெரியும், புது ரவுட்டர் மட்டும் தெரியாது. டிரைவரைப் புதுப்பித்த உடனே பெயர் வந்து நிற்கும். புது டிரைவர் கிடைக்காத அளவுக்குப் பழைய கார்டு என்றால், ரவுட்டரில் 2.4-க்கு மட்டும் ஏஎக்ஸ் முறையை நிறுத்தி வைத்துப் பாருங்கள்.

7. பட்டியலே காலியென்றால் எளியதிலிருந்து தொடங்குங்கள்.

ஏரோப்ளேன் மோட். எஃப்என் பொத்தானோடு சேர்ந்த வைஃபை பொத்தான். பழைய மெஷின்களில் பக்கவாட்டில் ஒரு தள்ளுசுவிட்ச் இருக்கும். பையில் போட்டு எடுக்கும்போது அது தானே நகர்ந்திருக்கும். பிறகு விண்டோஸ் சர்வீஸ் பட்டியலில் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் ஓடுகிறதா என்பது. ஸ்பீடு கூட்டுகிறேன் என்று சொல்லும் செயலிகள் இதை நிறுத்திவிடுவதுண்டு.

அரசு மடிக்கணினிகளில் சில, சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸோடு வந்தவை. அதில் டெர்மினலைத் திறந்து ஆர்எஃப்கில் லிஸ்ட் கட்டளையை அடித்தால் இரண்டு வகைத் தடை தெரியும். சாஃப்ட் தடை என்றால் கட்டளையாலேயே நீக்கலாம். ஹார்டு தடை என்றால் எங்கோ ஒரு சுவிட்ச் அணைந்திருக்கிறது. கட்டளைக்கு அது அடங்காது, விரலால்தான் தள்ள வேண்டும்.

8. டிவைஸ் மேனேஜரைப் படிக்கப் பழகுங்கள்.

நெட்வொர்க் அடாப்டர் பகுதியில் வைஃபை பெயரே இல்லையா, மஞ்சள் முக்கோணத்தோடு இருக்கிறதா, நல்லபடி இருந்தும் பட்டியல் காலியா? மூன்றுக்கும் மூன்று வழி. பெயரே இல்லையென்றால் மறைந்திருக்கும் டிவைஸ்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பிறகு மெஷினை முழுக்க அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உறைந்துபோன கார்டு இதில் திரும்ப எழுவதுண்டு. மஞ்சள் முக்கோணம் என்றால் மெஷின் கம்பெனியின் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய டிரைவர். நல்லபடி இருந்தும் பட்டியல் காலியென்றால் ஏழாவதில் சொன்ன சுவிட்சையும் சர்வீஸையும் மறுபடி பாருங்கள். டிரைவர் தேடித் தருகிறேன் என்று வரும் இலவசச் செயலிகளைக் கஸ்டமர் மெஷினில் ஏற்றாதீர்கள். வேண்டாத குப்பையோடு வருபவை அவை.

சின்ன யுஎஸ்பி டாங்கிள் விஷயத்தில் ஒன்று. சிலவகை ரியல்டெக் டாங்கிள்களைச் செருகியதும் அவை ஒரு சிடி டிரைவாகத் தோன்றும். டிரைவரை உள்ளேயே வைத்துக் கொடுக்கிறார்கள், அதை ஏற்றிய பிறகுதான் டாங்கிள் வைஃபையாக மாறும். “டாங்கிள் செத்துடுச்சு” என்று குப்பைக்குப் போனவற்றில் இப்படிப்பட்டவை எத்தனையோ.

9. ஒன்றிரண்டு பெயர் மட்டும் தெரிந்தால் மூடியைத் திறக்கலாம்.

திறப்பதற்கு முன் ஒரு கேள்வி: சமீபத்தில் டிஸ்பிளே, ஹிஞ்ச், பேட்டரி, எஸ்எஸ்டி எதையாவது மாற்றினார்களா? கார்டின் மேல் பெரும்பாலும் இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்கள், ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை, பொத்தான் மாதிரி அழுத்தி மாட்டியிருக்கும். வேறு வேலைக்காகத் திறந்தவர் அதைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்திருந்தால், கார்டு தன் பக்கத்தில் இருப்பதை மட்டும் கேட்கும். ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் பெயர் தெரியும், உள் அறையிலிருந்து கூடத்து ரவுட்டர் தெரியாது. ஒயர்கள் ஹிஞ்ச் வழியாகத் திரையின் மேல்பகுதி வரை போகின்றன. ஹிஞ்ச் உடைந்த மெஷினில் ஒயரும் நசுங்கியிருக்கலாம். அந்தச் சின்ன முனைகளை நகத்தால் நெம்பாதீர்கள். உடைந்தால் கார்டே போகும்.

காசிமேட்டுக் காற்று நம் மேஜைக்கு வருகிற எல்லா மெஷினையும் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. உப்பு ஈரம் கார்டின் தங்கமுலாம் பூசிய பற்களிலும் யுஎஸ்பி துளைகளிலும் படிந்து, தொடர்பை வந்து போக வைக்கும். கார்டைக் கழற்றி ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பின் மாட்டுங்கள். இதிலேயே சரியாகும் மெஷின்கள் வடசென்னையில் அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் புகுந்த வீடுகளின் மெஷின்களில் கார்டு மட்டும் இல்லாமல் அதன் சாக்கெட்டும் பச்சை பிடித்திருக்கலாம். அங்கே கார்டை மாற்றிப் பயனில்லை, யுஎஸ்பி அடாப்டரே வழி.

10. வீட்டையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

முடிந்தால் நேரில் போங்கள். நம் வீடுகள் வாசலிலிருந்து பின்கட்டு வரை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். பைபர் ஒயர் வாசலோடு நிற்கும், பெட்டியை டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவின் தலையிலோ வைத்திருப்பார்கள். பிள்ளை படிப்பது கடைசி அறையில். இடையில் பீரோ. இரும்பு அலையைத் தடுக்கும். தண்ணீர் அலையைக் குடிக்கும், அதுவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸை நன்றாகவே குடிக்கும். மெட்ரோ வாட்டர் பிடித்து வரிசையாக நிறுத்தியிருக்கும் குடங்களுக்கும் டிரம்முக்கும் பின்னால் ரவுட்டர் இருந்தால், முழு டிரம் இருக்கும் நாளில் ஒரு மாதிரியும் காலி டிரம் இருக்கும் நாளில் வேறு மாதிரியும் சிக்னல் வரும். 5 ஜிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டுவதில் இன்னும் மெலிந்தது. பழைய தடித்த சுவர் இரண்டைத் தாண்டினால் பல நேரம் பெயரே காணாமல் போகும். பெட்டியைத் தலை உயரத்தில், நடு அறைச் சுவரில், பீரோவை விட்டுத் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் ஒயர் நீட்ட வேண்டியிருக்கும், நீட்டலாம்.

டாங்கிள் வைத்திருப்பவர்களிடம் எந்தத் துளையில் செருகுகிறார்கள் என்று கேளுங்கள். யுஎஸ்பி 3 துளையும் அதில் ஓடும் ஹார்டு டிஸ்கும் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்குள் இரைச்சலைக் கொட்டும். 2012-இல் இன்டெல்லே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. நீலத் துளையை விட்டுக் கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள். அல்லது ஒரு முழ நீட்டிப்புக் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வையுங்கள்.

11. ரவுட்டரின் ரீசெட் துளைக்குள் ஊசியை விடாதீர்கள்.

இதில் நான் கண்டிப்பானவன். கஸ்டமர் வீட்டுப் பெட்டிக்குள் சேவை நிறுவனம் போட்டுக் கொடுத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு, விலேன் எண் எல்லாம் இருக்கலாம். ரீசெட் செய்தால் அவை போகும். லேப்டாப் ஒன்றில் வராத இணையம், அதன்பின் வீட்டில் யாருக்குமே வராது. சேவை நிறுவனத்து ஆள் வரும்வரை அந்த வீடு காத்திருக்க வேண்டும். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அணைத்துப் போடலாம்.

அதேபோல லேப்டாப்பில் நெட்வொர்க் ரீசெட் செய்தால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் அத்தனையும் அழியும். வீட்டு பாஸ்வேர்டு அவர்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பார்மட் என்பது இந்தப் புகாருக்குக் கடைசிக்கும் கடைசி. பிள்ளையின் பிராஜெக்ட், கல்யாணப் படங்கள், பாட்டியின் குரல் பதிவு எல்லாம் அந்த டிஸ்கில் இருக்கும்.

12. வாங்கச் சொல்லும்முன் பொருந்துமா என்று பாருங்கள்.

2021 பிப்ரவரியில் நம் ஊருக்கு மெட்ரோ வந்ததிலிருந்து ரிச்சி தெரு பக்கமாகிவிட்டது. ஓடிப்போய் ஒரு கார்டு வாங்கிவிடத் தோன்றும். பொறுங்கள். பழைய எச்பி, லெனோவோ மெஷின்கள் சிலவற்றில், கம்பெனி அனுமதித்த கார்டைத் தவிர வேறு கார்டை மாட்டினால் பயாஸ் பூட் ஆகவே விடாது. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 இரண்டும் பார்க்க ஒன்று போல இருக்கும். ஏஎக்ஸ்201 அதற்கென்று அமைந்த இன்டெல் போர்டில் மட்டுமே ஓடும். பழைய மெஷினின் மினி பிசிஐஇ சாக்கெட்டில் எம்.2 கார்டு உட்காராது. சந்தேகம் இருந்தால் 2.4-உம் 5-உம் தெரிந்த யுஎஸ்பி அடாப்டரே பத்திரமான வழி. திறக்க வேண்டாம், பயாஸ் தடுக்காது, மெஷின் போனாலும் அடாப்டர் மிஞ்சும்.

13. பக்கத்து வீட்டு வைஃபையை அளவுகோலாக மட்டும் வையுங்கள்.

பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடக்கும் பெயர் ஒன்று கண்ணில் படும். சோதிக்கிறேன் என்று கூட அதில் கஸ்டமர் மெஷினை இணைக்காதீர்கள். உரியவர் அனுமதி இல்லாமல் ஒரு நெட்வொர்க்குக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வரும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், யாருடையது என்றே தெரியாத ஒரு வலையில் நம்மை நம்பிக் கொடுத்த மெஷினைச் செருகுவது சரியில்லை.

14. பார்த்ததற்குக் கூலி வாங்குங்கள், மாற்றாததற்கு வாங்காதீர்கள்.

2.4-ஐப் போட்டுவிட்டதற்கு, சேனலை மாற்றியதற்கு, சுவிட்சைத் தள்ளியதற்குக் காசு கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கண்டுபிடித்தது உங்கள் உழைப்பு. ஆனால் “கார்டு மாத்துனேன்” என்று சொல்லி வாங்காதீர்கள். பக்கத்துத் தெரு அக்கா அதை நம்பிப் பத்து பேரிடம் சொல்வார், அந்தப் பத்து பேரும் தங்கள் நல்ல கார்டைத் தூக்கிப் போடுவார்கள்.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுங்கள். இந்த மெஷினுக்கு 2.4 மட்டும் தெரியுமா இரண்டும் தெரியுமா, வீட்டு ரவுட்டரில் எந்தப் பெயரை இணைக்க வேண்டும், எந்தச் சேனலில் வைத்திருக்கிறோம், என்ன கோளாறு இருந்தது, என்ன தேதி. பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதாதீர்கள். சீட்டை லேப்டாப்பின் அடியில் செலோடேப்பால் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ரவுட்டர் மாறும்போது அதைப் பார்த்து அவர்களே சரிசெய்துகொள்வார்கள், அல்லது வேறு கடையில் உங்களைப் போல ஒரு தம்பியோ தங்கையோ அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். இன்றைக்கு உங்கள் மேஜைக்கு வரும் லேப்டாப்பிலிருந்தே இந்தச் சீட்டு எழுதும் பழக்கத்தைத் தொடங்குங்கள்.